கோர்த்த மணிக்கு விலை உண்டு, கோர்த்த கைக்கு?

கையால் செய்த நகைகளுக்கு எப்படி விலை வைப்பது என்பது இன்று எமது குடும்பங்கள் பலவற்றில் எழுகின்ற கேள்வி. வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து, கொழும்பில் பாமன்கடையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியவர்களும், ஊருக்குத் திரும்பியும் காணி முழுமையாகக் கைக்கு வராதவர்களும், மணிமாலை, தொங்கட்டான், பனையோலைக் காப்பு, சிரட்டைப் பதக்கம் என்று எதையாவது செய்து விற்று அன்றாடச் செலவைச் சமாளிக்கின்றனர். செய்வதற்குப் பயிற்சி கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். விலை வைக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் மிகக் குறைவு. கேட்டால் கிடைக்கின்ற அறிவுரை ஒன்றுதான்: "பக்கத்துக் கடையில் என்ன விலையோ அதைவிடப் பத்து, இருபது ரூபா குறைத்துப் போடுங்கள்." இந்த அறிவுரையைப் பின்பற்றிய குடும்பங்கள் எதுவும் நிமிர்ந்ததை நான் கண்டதில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நகை என்றவுடன் எமது மக்களின் மனத்தில் வருவது பவுண்தான். எட்டுக் கிராம் ஒரு பவுண், 22 கரட், அன்றைய விலை இவ்வளவு, அதற்கு மேல் சேதாரம், செய்கூலி என்று வெள்ளவத்தைக் கடைகளிலும் செட்டியார் தெருவிலும் கணக்குப் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைவிட நன்றாக எமக்குத் தெரிந்தது விற்கும்போது நடப்பது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தபோதும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே ஒன்றாக நடந்தபோதும், 2009இல் எல்லாவற்றையும் இழந்து முகாம்களுக்குள் போனபோதும், கடைசியாக விற்கப்பட்டது தாலிக்கொடியும் காப்பும் சங்கிலியுமே. விற்கப் போன இடத்தில் தராசில் போட்டு நிறையை மட்டும் பார்த்தார்கள். வாங்கும்போது நாம் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் அங்கே மறைந்துபோயின. பத்தர் எத்தனை இரவு கண்விழித்துச் செய்த வேலைப்பாடாக இருந்தாலும், உருக்குகிறவருக்கு அது வெறும் தங்கம்.

இந்த அனுபவம் எமது மக்களுக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டது: நகையின் பெறுமதி அதன் பொருளில் இருக்கிறது, வேலையில் இல்லை. தங்கத்துக்கு அது ஓரளவு பொருந்தும். 2022இன் தொடக்கத்தில் ஒரு இலட்சத்தை ஒட்டி நின்ற 22 கரட் பவுண் 2025 முடிவதற்குள் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. அவ்வளவும் பொருளின் விலை. ஆனால் நீங்கள் செய்கின்ற தொங்கட்டானைத் தராசில் போட்டால் என்ன வரும்? ஒரு பிடி மணி, இரண்டு கொக்கி, விரல் நீளக் கம்பி. அதன் விலையில் பெரும் பங்கு உங்கள் கையும் கண்ணும் செலவிட்ட நேரம். ஆகவே தங்க நகையை வாங்குபவர் பேரம் பேசினால் ஓரத்தைத்தான் கிள்ளுகிறார். மணி நகையை வாங்குபவர் பேரம் பேசினால் உங்கள் கூலியை மட்டுமே கிள்ளுகிறார். கிள்ளுவதற்கு அதில் வேறொன்றும் கிடையாது.

இதைச் சொன்னால் கூட்டங்களில் வருகின்ற பதில் எனக்கு மனப்பாடம். "வீட்டில சும்மா இருக்கிற நேரத்திலதானே பாதர் செய்யிறம். மணிக் காசு வந்து, மேல கொஞ்சம் கிடைச்சாக் காணும்."

"சும்மா" என்ற இந்தச் சொல்லைத்தான் நாம் முதலில் பரிசோதிக்க வேண்டும். தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, நோயாளி மாமியாரைக் கவனித்து, அதற்குப் பின் மின்குமிழின் கீழ் குனிந்திருந்து ஊசியில் மணி கோர்க்கின்ற நேரம் எப்படிச் சும்மா இருக்கின்ற நேரமாகும்? தோட்டத்திலும் இதே தவறுதான் நடந்தது. வெங்காயக் கணக்கில் உரத்துக்கு, மருந்துக்கு, எண்ணெய்க்கு, கூலியாளுக்குக் காசு எழுதினோம். காலை நான்கு மணிக்கு இறைத்த தகப்பனுக்கும் நாள் முழுவதும் புல்லுப் பிடுங்கிய தாய்க்கும் ஒரு சதமும் எழுதவில்லை. வருட முடிவில் இலாபம் என்று எண்ணியது, பல வேளைகளில், வீட்டார் தமக்குத் தாமே கொடுக்காமல் விட்ட கூலி.

ஆந்திராவில் மேற்குக் கோதாவரிப் பகுதியில் நர்சாப்பூர் என்று ஓர் ஊர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் அங்கே ஏழைப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தனர். நல்ல நோக்கம்தான். அந்த ரேந்தை பின்னர் வியாபாரிகளின் கைக்குப் போய், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகும் பெரிய தொழிலாயிற்று. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் 1970களின் பிற்பகுதியில் அங்கே போய் ஆராய்ந்து, 1982இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: வீட்டு வேலைகளுக்கு மேலதிகமாகப் பெண்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் பின்னினார்கள், பெற்ற கூலியோ வயல் வேலைக்கு அரசாங்கம் விதித்த பெண் கூலியைவிட மிகக் குறைவு. ஏனென்று கேட்டால் வியாபாரிகள் சொன்ன விளக்கம் "இவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள்" என்பது. வேலை செய்தவர்களும் அதையே நம்பினார்கள். தொழிலாளி என்று எவரும் அவர்களை எண்ணவில்லை. அவர்களும் தம்மை எண்ணவில்லை.

அந்த நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழு விரிப்பு என்ன விலைக்குப் போகிறது என்பது பூப் பின்னுகிறவளுக்குத் தெரியாது. கொழும்பில் ஏஜண்டுமார் மணியையும் நூலையும் நிறுத்துக் கொடுத்து, கோர்த்து வாங்கிக்கொண்டு, சரத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அப்படி வேலை எடுப்பது பாவமென்று நான் சொல்லமாட்டேன். கையில் முதல் இல்லாதவருக்கு அது ஒரு தொடக்கம். ஆனால் எடுக்கின்றவர் அந்த மாலை கடைக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன விலைச் சீட்டோடு தொங்குகிறது என்பதை ஒருமுறையாவது போய்ப் பார்த்து வரவேண்டும். பார்ப்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் மற்றத் தொழிலாளருக்குரிய அதே மதிப்பில் ஊதியம் இருக்கவேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. சமவாயம் எங்கள் படலையடிக்கு வந்து சேர நாளெடுக்கும். அதுவரை கணக்கு எங்கள் கொப்பியில் இருக்கட்டும்.

சரி, கணக்கைப் போடுவோம். ஒரு பேச்சுக்கு ஒரு சோடி தொங்கட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் பற்றுச்சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மணி 60 ரூபா, கொக்கி 15, கம்பி 10, அட்டையும் சிறு பையும் 15. பொருட்செலவு 100 ரூபா. இதுவரை எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். 200 ரூபாவுக்கு விற்று "நூற்றுக்கு நூறு இலாபம்" என்று மகிழ்கிறார்கள்.

இப்போது நேரத்தை எழுதுங்கள். ஒரு சோடிக்கு 40 நிமிடம் என்று வைப்போம். மணித்தியாலத்துக்கு என்ன கூலி? நீங்களாக ஒரு தொகையைச் சொல்லக் கூச்சப்படுவீர்கள், தெரியும். ஆகவே சட்டம் சொல்வதை எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய ஆகக் குறைந்த வேதனச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டபோது, நாளாந்த ஆகக் குறைந்த வேதனம் 2025 ஏப்ரலிலிருந்து 1,080 ரூபா என்றும், 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபா என்றும் விதிக்கப்பட்டது. சொந்தமாகச் செய்து விற்பவரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆயினும் இந்த நாட்டில் எவருடைய ஒரு நாள் உழைப்பும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று நாடே ஒப்புக்கொண்ட அளவு அது. அந்த அளவை உங்களுக்கு நீங்களே மறுக்கக் காரணம் எதுவும் இல்லை. 1,200ஐ எட்டால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150 ரூபா. 40 நிமிடத்துக்கு 100 ரூபா.

பொருளும் கூலியும் சேர்ந்து 200 ஆயிற்று. இனிச் சேதாரம். இந்தச் சொல்லைப் பத்தர்களிடமிருந்து நாம் தாராளமாக இரவல் வாங்கலாம். பட்டறையில் தரையைக் கூட்டிய தூசியைக்கூட எறியாமல் சேர்த்துவைத்து, அதிலிருந்து பொன்னைப் பிரித்தெடுப்பவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் சேதாரம் கணக்கில் உண்டு. உங்களுக்கு மணி உடைகிறது, கம்பி முறிகிறது, நிறம் பொருந்தாமல் கழற்றிக் கோர்க்க வேண்டிவருகிறது, பத்துச் சோடியில் ஒன்று விற்கமுடியாமல் போகிறது. பத்துக்கு ஒன்று என்றால் 200க்கு 20 ரூபா.

பிறகு எவருடைய கணக்கிலும் வராத சில்லறைச் செலவுகள். புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போய்வர அரை நாள். அதன் கூலி 600, பஸ் காசு 100. அந்தச் சாமானில் 35 சோடி செய்தால் சோடிக்கு 20 ரூபா. தொலைபேசி, மின்சாரம், குறடு தேய்வது எல்லாவற்றுக்கும் இன்னும் 10. ஆக 30.

மொத்தம் 250 ரூபா. இதற்குப் பெயர் அடிவிலை. இதிலே இலாபம் ஒரு சதமும் இல்லை. 200க்கு விற்றவர் உண்மையில் என்ன பெற்றார் என்று பாருங்கள்: 200இலிருந்து பொருள் 100, சேதாரம் 20, சில்லறை 30 போக மிஞ்சுவது 50 ரூபா. 40 நிமிட வேலைக்கு 50 என்றால் மணித்தியாலத்துக்கு 75. ஆகக் குறைந்த வேதனத்தில் சரிபாதி. "நூற்றுக்கு நூறு இலாபம்" என்று சொல்லிக்கொண்டு அரைக் கூலிக்கு வேலை செய்திருக்கிறார்.

அடிவிலைக்கு மேல் ஏதாவது வைத்தால்தான் அடுத்த குறடும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கையெடுக்காத கிழமையும், புது மாதிரி ஒன்றைச் செய்து பழகுகின்ற நாட்களும் சமாளிக்கப்படும். 250க்கு மேல் 50 வைத்து 300 என்றால், அதை நான் மொத்த விலை என்பேன். கடைக்காரருக்குக் கொடுக்கின்ற விலை அது.

நேரக் கணக்கில் நேர்மை இருபக்கமும் வேண்டும். பழகுகிற நாளில் ஒரு சோடிக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தால், அந்த இரண்டு மணித்தியாலத்தையும் வாங்குபவரின் தலையில் ஏற்றமுடியாது. பத்துச் சோடி செய்து கை ஓடத் தொடங்கிய பிறகு மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். அப்படியும் கை ஓடாவிட்டால் அந்த மாதிரி உங்களுக்கு உரியதல்ல.

பொருள் விடயத்தில் ஒரு வார்த்தை. பனையோலையும் சிரட்டையும் விதைகளும் இலவசம் என்று நினைக்கிறோம். சார்வோலையை வெட்டிக் காயவைத்து வார்ந்து சாயம் போடுவதற்கும், சிரட்டையைத் தேய்த்து மினுக்குவதற்கும் போகின்ற நேரம் கோர்க்கின்ற நேரத்தைவிடக் கூடியதாகவும் இருக்கலாம். அதை எழுதாமல் விடாதீர்கள். இன்னொன்று, வேலியில் பறிக்கின்ற குண்டுமணி. செக்கச் செவேலென்று கறுப்புக் கண்ணோடு பார்க்க அழகு. ஒருகாலத்தில் பத்தர்கள் பொன் நிறுத்ததும் அதை வைத்தே. ஆனால் அதன் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. துளையிடும்போது வருகின்ற தூளும், துளைத்த விதையைக் குழந்தை கடித்தாலும் ஆபத்து. 2011இல் இங்கிலாந்தில் ஈடன் புரொஜெக்ட் என்ற புகழ்பெற்ற தாவரப் பூங்கா, இந்த விதை கோர்த்த கைச்சங்கிலிகளைத் தன் கடையில் விற்றுவிட்டு, வாங்கியவர்களிடமிருந்து திருப்பிக் கேட்கவேண்டி வந்தது. குண்டுமணியை விட்டுவிடுங்கள். மஞ்சாடி இருக்கிறது, பனை விதை இருக்கிறது.

இனிக் கடினமான இடத்துக்கு வருகிறேன். அடிவிலை 250 என்று கண்டுபிடித்தீர்கள். புறக்கோட்டையில் பார்வைக்கு அதேபோன்ற இறக்குமதித் தொங்கட்டான் 150க்குக் கிடைக்கிறது. என்ன செய்வது?

பலர் சொல்வது, கூலியைக் குறைத்து 150க்கு இறங்குங்கள் என்று. நான் சொல்வது, அந்தத் தொங்கட்டானைச் செய்யாதீர்கள் என்று. இந்த விடயத்தில் விவசாயக் குடும்பங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது யாழ்ப்பாணத் தோட்டங்கள் செழித்ததையும், 1977இன் பின் கதவு திறந்ததும் விலை விழுந்ததையும் எமது மூத்தவர்கள் கண்டவர்கள். இறக்குமதியோடு விலையில் மோதி வென்ற சிறு விவசாயி எவருமில்லை. அன்று தோட்டக்காரருக்கு வேறு வழியில்லை. வெங்காயம் மண்ணுக்குள் இருந்தது, கடன் தலைக்கு மேல் இருந்தது. நகை செய்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. இன்று ஒரு மாதிரியை நிறுத்தி நாளைக்கு வேறொன்றைத் தொடங்கலாம். ஒரு பைக்கற் மணிக்கு மேல் நட்டமில்லை.

புறக்கோட்டை செய்யமுடியாதது எது என்று தேடவேண்டும். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு அது கண்ணெதிரே நடக்கிறது. ஆடி, ஆவணியிலும் மார்கழி விடுமுறையிலும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வருகிறவர்கள் கல்யாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் காலி வீதியில் சேலை வாங்குகிறார்கள். சேலையின் கரை நிறத்துக்கு ஏற்ப, தோழிப் பெண்கள் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றால் சீனத் தொழிற்சாலையால் என்ன செய்யமுடியும்? சேலைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு மணி தெரிவு செய்கின்ற பெண்ணால்தான் முடியும். அந்த வேலைக்கு 250ஐப் பற்றிப் பேசவே தேவையில்லை. அங்கே விலையை முடிவு செய்வது வாங்குபவரின் தேவை. அடிவிலை உங்கள் காலுக்குக் கீழே தரையாக இருந்தால் போதும். 700, 800 சொல்லக் கூச்சப்படாதீர்கள். அறுந்த மாலையைப் பார்த்திருக்கக் கட்டிக்கொடுப்பது, பழைய மாலையைப் பிரித்துப் புதிதாகக் கோர்ப்பது என்பனவும் இப்படியானவையே. ஓலை வேலையிலும் இதே நியாயம். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் பொருட்கள் விலை போவது, பனையோலை வேலைக்கு ஈடாக வெளியிலிருந்து ஒரு கொள்கலன் வந்து இறங்காது என்பதால்.

பேரம் பேசுவதைப் பற்றியும் எழுதவேண்டும், ஏனென்றால் இங்கேதான் எமது மக்கள் தோற்கிறார்கள். கணக்கு எழுதத் தெரிந்த பெண்கூட, "கடைசி விலை என்ன?" என்ற கேள்வி வந்ததும் தடுமாறிப் பாதிக்கு இறங்கிவிடுகிறாள். இந்தப் பழக்கம் சந்தையிலிருந்து வந்தது. தக்காளியும் கீரையும் பொழுதுபட்டால் அழுகும். திரும்பக் கொண்டுபோக வண்டிக்கூலி கொடுக்கவேண்டும். ஆகவே வெயில் சாய்ந்ததும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவது புத்தி. சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் எமது அப்புமார் அப்படிச் செய்ததில் தவறில்லை. ஆனால் தொங்கட்டான் அழுகாது. இன்று விற்காவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு மூடினால் தைப்பொங்கல்வரை இருக்கும், அடுத்த தைப்பொங்கல்வரையும் இருக்கும். காத்திருக்கக்கூடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அழுகும் பொருள் விற்பவரைப்போல அவசரப்படுகிறோம்.

அடிவிலைக்குக் கீழே இறங்குவதில்லை என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போங்கள். குறைத்துக்கேட்பவருக்கு விலையைக் குறைக்காமல் பொருளைக் குறைத்துக் காட்டலாம்: "அக்கா, 300க்கு இது, 200க்கென்றால் இந்தச் சின்னத் தோடு இருக்கு." மூன்று தரத்தில் பொருள் வைத்திருப்பதன் பயன் இதுதான்.

அடுத்தது எங்களைப் போன்றோர் செய்கின்ற கெடுதி. ஆலய முன்றலில் ஒரு மேசை போட்டு, "இடம்பெயர்ந்த சகோதரிகளின் கைவண்ணம்" என்று எழுதிவைத்து விற்கிறோம். பூசை முடிந்து வருபவர்கள் இரக்கப்பட்டு இரட்டை விலை கொடுத்து ஒரு மாலையை வாங்கி, அலுமாரியில் போட்டுவிடுகிறார்கள். இரண்டாம் தடவை வாங்குவதில்லை. செய்த பெண்ணோ அந்த விலைதான் சரியான விலை என்று நம்பிக் கடையில் போய்க் கேட்டு அவமானப்படுகிறாள். இரக்கம் ஒருநாள் விலை தரும். திங்கட்கிழமைக்கு அது உதவாது. இதைவிட மோசமானது திட்டக் காலத்து விலை. ஏதோவொரு நிறுவனம் மணியை இலவசமாகக் கொடுக்கும், குறட்டைக் கொடுக்கும், பயிற்சிக்கு வந்த நாட்களுக்குக் கொடுப்பனவும் கொடுக்கும். பொருட்செலவே இல்லாமல் 100 ரூபாவுக்கு விற்றுப் பழகுகிறார்கள். நிதி முடிந்து ஜீப் வண்டி போன பிறகு, மணியை வாங்கிச் செய்தால் 100க்கு விற்கமுடியாது. 250 கேட்டால் பழகிய வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். குழு கலைந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைத்த மணிக்கும் சந்தை விலையைக் கொப்பியில் எழுதி, அந்தக் காசைத் தனியே எடுத்துவைக்கப் பழக்காத பயிற்சி பயிற்சியே அல்ல.

இரக்கத்தில் தொடங்கி நியாயத்துக்கு வளர்ந்த கதைகளும் உண்டு. அமெரிக்காவில் மெனோனைட் சபையைச் சேர்ந்த ஈட்னா ரூத் பைலர் என்ற பெண் 1946இல் புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போய், ஏழைப் பெண்களின் தையல் வேலைகளை வாங்கிவந்து தெரிந்தவர்களுக்கு விற்கத் தொடங்கினார். அது பின்னாளில் 'டென் தௌசண்ட் வில்லேஜஸ்' என்ற பெரிய கடைத் தொடராயிற்று. 1949இல் 'சேர்வ்' என்ற அமைப்பை இன்னொரு திருச்சபையினர் தொடங்கினர். அவர்கள் முதலில் விற்றது, போரினால் இடம்பெயர்ந்த ஜெர்மன் அகதிகள் செய்த மரக் குயில் கடிகாரங்களை. எங்களைப் போன்ற அகதிகள்தான். இப்படியான முயற்சிகள் சேர்ந்தே இன்று நியாய வர்த்தகம் என்ற இயக்கமாக நிற்கின்றன. செய்பவரும் வாங்குபவரும் இருந்து பேசி, செய்பவர் வாழக்கூடிய ஊதியம் கிடைக்கும்படி விலையை ஒப்புக்கொள்வது அதன் அடிப்படை. அப்படியொரு அமைப்பு உங்களிடம் வந்தால் நல்லது. ஆனால் அதையும் முழுதாக நம்பியிருக்காதீர்கள். பிரித்தானியாவில் 1979இல் தொடங்கி இந்தத் துறைக்கே முன்மாதிரியாக இருந்த டிரெயிட்கிராவ்ற் கம்பனி 2023 ஜனவரியில் நொடித்துப்போனது. அங்கே விலைவாசி ஏறினால் இங்கே ஒரு கூடையின் கட்டளை நிற்கும்.

கடைக்காரரோடு நடந்துகொள்ளும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் 300க்குக் கொடுத்ததை அவர் 550க்கு வைத்தால் கோபப்படாதீர்கள். வாடகை, வேலையாள், விற்காத பொருளின் நட்டம் எல்லாம் அவருடையது. ஆனால் விற்றபின் காசு என்று சொல்லி வாங்குபவருக்கு 300 விலை கிடையாது. நட்டத்தை நீங்களே சுமக்கிறீர்கள், ஆகவே கூடுதலாகக் கேளுங்கள். எத்தனை சோடி, என்ன விலை, எப்போது கணக்குப் பார்ப்பது என்று இரண்டு பிரதி எழுதி ஒன்றில் அவருடைய கையொப்பம் வாங்குங்கள். நீங்களே வட்ஸ்அப்பிலோ சந்தையிலோ நேரே விற்கும்போது கடை விலையை ஒட்டியே விற்கவேண்டும். 320க்கு விற்றால் கடைக்காரர் அடுத்த முறை உங்களிடம் வாங்கமாட்டார். அதுவுமல்லாமல், நேரே விற்கும்போது படம் எடுப்பது, பதில் எழுதுவது, கூரியருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கடைக்காரர் செய்யும் வேலையை நீங்களே செய்கிறீர்கள். அந்த வேலைக்கும் கூலி உண்டு.

விலையை ஒருமுறை போட்டுவிட்டு வருடக்கணக்கில் விடவும் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். மணியும் கொக்கியும் கம்பியும் பெரும்பாலும் இறக்குமதி. பழைய விலைக்கு வாங்கிய மணிதானே என்று பழைய விலைக்கே விற்றவர்கள், வந்த காசைக் கொண்டு கடைக்குப் போனபோது பாதி மணிதான் வாங்க முடிந்தது. விற்றுத் தீர்த்தார்கள், தொழிலும் தீர்ந்தது. பொருட்செலவு எழுதும்போது நீங்கள் கொடுத்த விலையை எழுதாமல், இன்று போனால் என்ன விலைக்கு வாங்கலாம் என்பதை எழுதுங்கள். விதை நெல்லை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கின்ற குடும்பங்களுக்கு இது விளங்காத கணக்கல்ல.

நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் ஐம்பது, நூறு சோடி என்று பெரிய கட்டளைகள் வரும். தொகை பெரிது என்பதற்காக அடிவிலைக்குக் கீழே ஒப்புக்கொள்ளாதீர்கள்; ஒரு சோடியில் நட்டமானால் நூறு சோடியில் நூறு மடங்கு நட்டம். மொத்தமாக மணி வாங்குவதால் மிச்சமாகின்ற அளவுக்கு மட்டும் குறைக்கலாம். எத்தனை சோடி, எந்த நிறம், எந்தத் திகதி என்பதைக் கொப்பியில் எழுதி, பாதிப் பணத்தை முற்பணமாகப் பெற்ற பிறகே புறக்கோட்டைக்குப் பஸ் ஏறுங்கள். முற்பணம் தரத் தயங்குபவர் என்றால் கோபிக்க வேண்டாம். டப்பாவைத் திறந்து, கையில் இருக்கின்ற சோடிகளைக் காட்டி, அவற்றில் பிடித்ததைச் சொன்ன விலைக்குக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.